நெட் வருது, போகுது: ஒரே இணைப்பில் பல குடித்தனம்

மடிப்பாக்கம் மாடிவீடு

எங்கள் வீட்டில் கீழே ஹவுஸ் ஓனர், முதல் மாடியில் நாங்கள், மொட்டைமாடி ரூமில் ஒரு கல்லூரிப் பையன். மூன்று பேருக்கும் ஒரே ஃபைபர் இணைப்பு, பில் மூன்றாகப் பிரியும். ஆளுக்கொரு கனெக்‌ஷன் எடுத்துக்கொள்ளலாமே என்று நண்பர்கள் சொல்வார்கள். வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க அனுமதி கேட்டுப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

நெட் முழுசாகப் போவதில்லை, அதுதான் தலைவலி. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நிற்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக வந்துவிடும். புகார் கொடுத்து ஆள் வருவதற்குள் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். வந்தவர் போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டி, "ஃபுல்லா வருதே சார்" என்று புகாரை முடித்துவிட்டுப் போய்விடுவார். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு ஸ்பீடு டெஸ்ட் போடுவதைப் போல வீண் வேலை வேறில்லை.

லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் விண்டோ திறந்து, ஒன்றில் ரூட்டருக்கு, அதாவது 192.168.1.1க்கு, மற்றதில் வெளியே கூகுள் சர்வரான 8.8.8.8க்கு பிங், அதாவது 'இருக்கிறாயா' என்று விடாமல் கேட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை, ஓடவிட்டேன். விண்டோஸில் கடைசியில் ஒரு ஹைஃபனும் டி எழுத்தும் சேர்த்தால் நாமாக நிறுத்தும்வரை ஓடும். ரூட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருந்து வெளியே மட்டும் நின்றால் லைனைச் சந்தேகப்படலாம். ரூட்டரே பதில் சொல்லாவிட்டால் கோளாறு வீட்டுக்குள்தான், லைன்காரரைத் திட்டிப் பயனில்லை. எங்களுக்கு இரண்டும் சேர்ந்தாற்போல் நின்றன. அதோடு வைஃபை லிஸ்டிலிருந்து எங்கள் பெயரே காணாமல் போனது. அப்படியென்றால் ரூட்டர் அணைந்து எரிகிறது.

கீழே போய் ஹாலில் நின்று பார்த்தேன். ஓனர் அம்மா மோட்டார் சுவிட்சைத் தட்டினார். டியூப்லைட் ஒரு கணம் மங்கியது. ரூட்டரில் எல்லா விளக்கும் செத்துப் போய், முதலில் பவர், கொஞ்சம் பொறுத்து ஃபைபர் சிக்னலைக் காட்டும் பான் விளக்கு சிமிட்டி நிலைத்து, கடைசியாக இன்டர்நெட் விளக்கு என்று ஒவ்வொன்றாக வந்தது. சொன்னதும் அம்மா கேட்டார்: "மோட்டார் போட்டா நெட் போகுதா? அப்போ தண்ணி வேண்டாமா தம்பி உங்களுக்கு?"

மோட்டார் மேல் குற்றமில்லை. கிளம்பும்போது அது நிறைய கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும். ரூட்டர் அடாப்டரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கிறது. அந்தக் கணக்கில் அது அசையவே கூடாது. ஆனால் வருடக்கணக்கில் மூடிய டிவி அலமாரிக்குள் சூட்டில் கிடந்தால் உள்ளே கரண்டைத் தேக்கி வைத்துக் கைகொடுக்கும் கெப்பாசிட்டர் வற்றிவிடும். ரூட்டரில் மாட்டாமல் சும்மா மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் அழகாகக் காட்டும். ரூட்டர் ஓடும்போது இறங்குவதை அது காட்டாது. அதே 12 வோல்ட்டில் புது அடாப்டர் வாங்கி மாட்டினோம். 1.5 ஆம்பியர் இருந்த இடத்தில் 2 ஆம்பியர் போட்டால் பரவாயில்லை. வோல்ட் மட்டும் மாறக் கூடாது, பின் அளவும் ப்ளஸ் மைனஸும் சரியாக இருக்க வேண்டும். இப்போது மோட்டார் ஓடுகிறது, மீட்டிங்கும் ஓடுகிறது.

ஒரே இணைப்பை நாலு பேர் பிரித்துக்கொள்ளும் மற்றவர்களுக்கு என்னென்ன நடந்தது என்று எழுதுங்கள். எந்த நேரத்தில் போனது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

சரவணம்பட்டி பேச்சிலர்

எங்க கதையில் நேரம் உதவவே இல்லை. ஒரே வீட்டில் ஐடி பசங்க ஒரு கும்பல். இன்று என் போனில் 'கனெக்டட், நோ இன்டர்நெட்' என்று வரும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் ஜாலியாக கிரிக்கெட் பார்ப்பான். நாளைக்கு அவனுக்குப் போகும், எனக்கு வரும். வைஃபையை அணைத்துப் போட்டால் சில சமயம் சரியாகும், சில சமயம் ஆகாது. ரூட்டர் போச்சு, புதுசு வாங்குவோம் என்று காசு வசூலிக்கும் வரைக்கும் போய்விட்டோம்.

அப்புறம் ஒருத்தன் உருப்படியாக ஒன்று செய்தான். நெட் வரும் போனையும் வராத போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வைஃபை விவரப் பக்கத்தைத் திறந்தான். வருகிற போனில் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், 192.168.1.1. வராத போனில் 192.168.0.1. எங்கள் ஹால் ரூட்டர் முதலாவது. இரண்டாவது யாருடையது?

பின்பக்க ரூமுக்குப் புதிதாக வந்தவன் அங்கே சிக்னல் இல்லை என்று ஊரிலிருந்து பழைய ரூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, ஹால் ரூட்டரிலிருந்து ஒயர் இழுத்து, வசதியாக இருந்த மஞ்சள் போர்ட்டில், அதாவது வீட்டுக்குள் இருக்கும் கருவிகளுக்கான லேன் போர்ட்டில், செருகியிருக்கிறான். அவனுக்கும்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. பழைய பெட்டி அப்படித்தான் இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டான்.

நடந்தது இதுதான். வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு போனுக்கும் ஒரு ஐபி எண்ணும், வெளியே போக வாசல் எது என்ற தகவலும் கொடுப்பது ரூட்டரில் இருக்கும் டிஹெச்சிபி. ஒரே ஒயரில் இரண்டு டிஹெச்சிபி இருந்தால் யார் முந்திப் பதில் சொல்கிறாரோ அவர் கொடுத்ததைப் போன் வாங்கிக்கொள்ளும். பழைய பெட்டி முந்திக்கொண்டால் அது காட்டும் வாசலுக்கு வெளியே தெருவே கிடையாது. வாங்கிய எண்ணுக்கு ஒரு கெடுவும் உண்டு, கெடு முடிந்து திரும்ப வாங்கும்போது ஆள் மாறலாம். அதனால்தான் ஒருநாள் நன்றாக இருந்த போன் மறுநாள் மாட்டிக்கொண்டது.

பழைய ரூட்டருக்குள் போய் டிஹெச்சிபியை அணைத்தோம், அதன் சொந்த ஐபியை 192.168.1.2 என்று மாற்றினோம், ஒயர் அதே மஞ்சள் போர்ட்டிலேயே இருந்தது. தீர்ந்தது. வெளியிலிருந்து வரும் லைனுக்கான வேன் போர்ட்டில் செருகினாலும் வேலை செய்யும், ஆனால் அது தனி நெட்வொர்க் ஆகிவிடுவதால் பின் ரூமிலிருந்து ஹால் டிவிக்குப் படம் அனுப்ப முடியாது.

வசூலித்த காசுக்குப் பிரியாணி சாப்பிட்டோம்.

கொசுறாக இன்னொன்று. வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒருத்தன், தொங்கிக்கொண்டிருந்த ஒயர் முனையை எடுத்து நெட் ஒயரைப் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டியில் காலியாக இருந்த போர்ட்டில் செருகிவிட்டான். அந்த ஒயரின் மறுமுனையும் அதே பெட்டியில்தான் இருந்தது. மொத்த வீடும் அவுட். ஸ்விட்சில் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்த மாதிரி மின்னினால் முதலில் இதைப் பாருங்கள்.

தென்காசி சாரல்

எங்களுக்குக் காற்றுதான். சித்தப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே காம்பவுண்ட், ஒரே இணைப்பு. ஆனி, ஆடியில் இங்கே காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். காற்று அடித்தால் ரூட்டரில் ஃபைபர் சிக்னல் வரவில்லை என்று சொல்லும் லாஸ் விளக்கு சிவப்பாக மின்னும், காற்று நின்றால் பச்சை. ரூட்டரே பதில் சொல்லும், வெளியே மட்டும் போகாது. மடிப்பாக்கத்துக்காரர் சொன்ன பிங் சோதனையில் நாங்கள் அந்தப் பக்கம்.

ஃபைபர் பெட்டியின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆப்டிகல் பவர் என்று ஒரு எண் இருக்கும், வந்து சேரும் வெளிச்சத்தின் அளவு அது. டெசிபல் கணக்கில், மைனஸில் வரும். எங்களுக்கு அமைதியான நேரத்தில் மைனஸ் 19, காற்றடிக்கும்போது மைனஸ் 28 வரை போய் அறுந்துவிடும். மைனஸ் 27ஐத் தாண்டினாலே சாதாரணப் பெட்டிகள் தள்ளாட ஆரம்பிக்கும். 3 டெசிபல் குறைந்தால் வெளிச்சம் பாதி. 9 குறைந்தால் எட்டில் ஒரு பங்குதான் வந்து சேருகிறது.

நான் அந்த எண்ணை நேரத்தோடு போனில் படம் எடுத்து வைத்தேன். இதற்கு முன் நெட் சரியில்லை என்று சொன்னபோதெல்லாம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னவர்கள், இந்தப் படத்தைப் பார்த்ததும் ஏணியோடு ஆள் அனுப்பினார்கள். வந்த தம்பி நல்ல விவரமானவர். போஸ்டிலிருந்து வரும் கேபிளை ஜன்னல் கொக்கியில் இழுத்துக் கட்டிய இடத்தைத்தான் முதலில் பார்த்தார். அங்கே மடங்கியிருந்தது. உள்ளே கண்ணாடி இழை உடையவில்லை, காற்றில் தென்னை மட்டை கேபிளை இழுக்கும்போதெல்லாம் மடிப்பு இறுகி வெளிச்சம் கசிந்திருக்கிறது. அந்தத் துண்டை வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் புதிதாக ஒட்டி, கையகலத்துக்கு வளையமாகச் சுற்றித் தளர்வாகக் கட்டிவிட்டுப் போனார். சித்தப்பா தென்னை மட்டையை வெட்ட ஆள் சொல்லியிருக்கிறார், அது எப்போது நடக்குமோ.

சேலம் இரவு ஷிஃப்ட்

லைனும் சரி, ரூட்டரும் சரி, ஆனாலும் நெட் நிற்கிறது என்றால் எங்கள் வீட்டைக் கேளுங்கள். எனக்கு ராத்திரி ஒன்பதரைக்கு அமெரிக்கக் கால். நாத்தனார் குடும்பத்தோடு கல்யாணத்துக்கு வந்து தங்கியிருந்த நாட்களில் சரியாக அந்த நேரத்துக்கு என் குரல் உடையும், அப்புறம் மீட்டிங்கே கழன்றுவிடும். பிங் போட்டால் நிற்கவில்லை. ஆனால் 12 மில்லிசெகண்டில் வந்த பதில் 900, 1000 என்று இழுத்தது.

யாராவது ஏதாவது டவுன்லோடு போட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். "நான் போனைத் தொடவே இல்லையே அண்ணி, சார்ஜ்லதான இருக்கு" என்றாள் நாத்தனார்.

அதுதான் விஷயம். கல்யாண வீடியோக்கள் அத்தனையும் சார்ஜில் போட்டு வைஃபை கிடைத்ததும் தானாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. அவள் போனிலிருந்து, அவள் வீட்டுக்காரர் போனிலிருந்து, பிள்ளைகள் போனிலிருந்தும். அப்லோடு முழுக்க அடைத்துக்கொண்டால் ரூட்டர் மிச்சத்தைத் தூக்கி எறியாமல் வரிசையில் நிற்க வைக்கிறது. என் குரலும் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. ஸ்பீடு அதிகமுள்ள பிளானுக்கு மாறச் சொல்வார்கள். மாறினாலும் போன்கள் அதையும் நிரப்பும். எங்கள் ரூட்டரில் பேண்ட்வித் கன்ட்ரோல் என்று ஒரு பக்கம் இருந்தது. மொத்த அப்லோடை, லைனில் உண்மையில் வருவதில் பத்தில் ஒன்பது பங்கோடு நிறுத்தி, என் லேப்டாப்புக்கு முன்னுரிமை கொடுத்தேன். வரிசை ரூட்டருக்குள்ளேயே நம் கட்டுப்பாட்டில் நின்றுவிடுகிறது. வீடியோக்கள் ஏற இன்னும் கொஞ்சம் நேரமானது, யாருக்கும் தெரியவில்லை.

விருந்தாளிகளைச் சந்தேகப்படுங்கள் என்று சொல்லவில்லை. அவர்கள் போனைச் சந்தேகப்படலாம்.

ரிட்டயர்டு லைன் ஆள்

செம்புக் கம்பியில் நெட் வந்த காப்பர் காலத்திலிருந்து இந்த வேலையில் இருந்தவன் என்பதால் இரண்டு வார்த்தை. கோளாறு தினமும் ஒரே நேரத்தில் வருகிறதென்றால் சந்தோஷப்படுங்கள், பாதி வேலை முடிந்தது. வேல்ஸில் அபெர்ஹோசன் என்ற சின்ன கிராமத்தில் 18 மாதம் தினமும் காலை ஏழு மணிக்கு ஊரின் பிராட்பேண்டே படுத்துக்கொண்டது. கேபிளெல்லாம் மாற்றிப் பார்த்தும் தீரவில்லை. கடைசியில் இன்ஜினியர்கள் மின் இரைச்சலைக் காட்டும் மீட்டரான ஸ்பெக்ட்ரம் அனலைசரைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டும் மழையில் தெருத்தெருவாக நடந்தார்கள். ஏழு மணிக்கு ஒரு வீட்டில் பழைய டிவியைப் போட்டதும் மீட்டர் எகிறியது. அந்த செகண்ட் ஹேண்ட் டிவிதான் ஊரையே கெடுத்திருக்கிறது. 2020 செப்டம்பரில் செய்தியாக வந்தது.

அந்த வகை மின் இரைச்சல் ஃபைபருக்குள் போகாது. ஆனால் ரூட்டரிலிருந்து உங்கள் போன்வரை உள்ள வைஃபைக்கு இன்னும் அதே கதிதான். மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் வேலை செய்கிறது என்பது பலருக்குத் தெரியும். ரூட்டரின் முதுகில் யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் செருகினாலும் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும் என்பது அவ்வளவாகத் தெரியாது. இன்டெல்லே 2012ல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டிஸ்க்கைத் தள்ளி வைத்தால் போதும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் 2.4ல் சேனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் இருக்கும் தனிப் பாதையை, 1, 6, 11 மூன்றில் ஒன்றாக வையுங்கள். புத்திசாலித்தனமாக 3 அல்லது 8 வைத்தால் இரண்டு பக்கத்து வீட்டுக்காரரோடும் சண்டை.

மதுரை திருநகர்

ஐயா, எங்களுக்கு 2.4 போவதே இல்லை. வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸின் பெயர் மட்டும் திடீரென்று லிஸ்டிலிருந்து மறைந்து, ஒரு நிமிடம் போல ஆனதும் வருகிறது. மோட்டார் இல்லை, காற்று இல்லை, நேரமும் இல்லை. மாடியில் குடியிருக்கிறவங்க போனெல்லாம் 5லதான் இருக்கு, அதனால் திட்டு முழுக்க எனக்குத்தான். ரூட்டர் புதுசு, அடாப்டரும் புதுசு. சேனல் ஆட்டோவில் இருக்கிறது.

ரிட்டயர்டு லைன் ஆள்

ஆட்டோவில் இருப்பதுதான் சந்தேகம். ரூட்டருக்குள் போய் இப்போது எந்தச் சேனலில் நிற்கிறது என்று பாருங்கள். 52லிருந்து 144க்குள் இருந்தால் அது ரேடாரோடு பங்கு போட்டுக்கொள்ளும் சேனல். ரேடார் மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் ரூட்டர் உடனே அந்த இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. போகிற இடமும் அந்த வகைச் சேனலாக இருந்தால் குறைந்தது 60 விநாடி ஒலிபரப்பாமல் கேட்டுப் பார்த்த பிறகுதான் பெயரைக் காட்டும். உங்கள் ஒரு நிமிடக் கணக்கு அதுதான். நிஜ ரேடார் இருக்க வேண்டும் என்றும் இல்லை, ரூட்டர் தப்பாகக் கேட்டுக்கொண்டாலும் ஓடிவிடும். சிஸ்டம் லாக் பக்கத்தில் ரேடார் டிடெக்டட் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆட்டோவை எடுத்துவிட்டு 36 முதல் 48 வரை ஏதாவது ஒன்று, அல்லது 149 வையுங்கள். மாடிக்குச் சிக்னல் எட்டவில்லை என்றால் 149 வைத்துப் பாருங்கள், பல ரூட்டர்கள் அங்கே கொஞ்சம் கூடுதல் பவரில் அனுப்பும்.