‘ஜிங்க் பெஸ்ட்’டுக்குத் தமிழில் ‘துத்தநாக உளுப்பு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய மாடல் ரயில்களை (சிறு அளவில் செய்த பொம்மை ரயில்களை) செப்பனிடுவதற்கான நம் சொற்பட்டியலில் ‘ஜிங்க் பெஸ்ட்’டுக்கு எதிரே இன்னும் காலி இடம்தான் இருக்கிறது. துத்தநாகக் கலவையில் வார்த்த பாகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, வீங்கி, நொறுங்கிப்போகும் கேட்டுக்குத்தான் அந்தப் பெயர். ‘துத்தநாகக் கொள்ளைநோய்’, ‘துத்தநாக அரிமானம்’, ‘உலோகப் புற்று’ என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. ‘துத்தநாக உளுப்பு’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

இந்தச் சொல் வேலை மேசையில் இருந்தபோது தோன்றியது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய எஞ்சின் ஒன்றைப் பிரித்தேன். மேல்கூட்டில் பெயின்ட்கூட உரியவில்லை, ஆனால் சக்கரம் சுழல மறுத்தது. பழைய கிரீஸ் இறுகியிருக்கும் என்று நினைத்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். கம்யூட்டேட்டரின் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் ஏற்றும் செப்பு வளையத்தின்) இடுக்குகளைப் பல் குத்தும் குச்சியால் சுத்தம் செய்தேன். மோட்டாரைத் தனியே எடுத்து 12 வோல்ட் கொடுத்தால் அழகாக ஓடுகிறது. உள்ளே பொருத்தினால் நின்றுவிடுகிறது. அப்புறம்தான் அடிச்சட்டத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தேன். வற்றிய குளத்துச் சேறு வெடித்தது போல மயிரிழை விரிசல்கள். சட்டம் வீங்கி லேசாக வளைந்திருந்ததால் துளைகள் நேர்கோடு தப்பி, சக்கரங்களின் அச்சுகளைக் கவ்விக்கொண்டிருந்தன. திருகைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தியதும் ஒரு மூலை அப்படியே பெயர்ந்து வந்தது. உடைந்த இடம் சாம்பல் நிறத்தில், மணல் மணலாக இருந்தது. ‘உளுத்துப் போயிருக்கிறதே’ என்று வாய் தானாகச் சொன்னது.

நடப்பது இதுதான். அச்சு வார்ப்புக்குப் பயன்படும் துத்தநாகக் கலவையில் ஏறக்குறைய 4 சதவீதம் அலுமினியம் இருக்கும். அதில் காரீயம், வெள்ளீயம், காட்மியம் போன்றவை துளி கலந்துவிட்டாலும் அவை உலோகத் துகள்களின் எல்லைகளில் போய்த் தங்குகின்றன. ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்தால் அந்த எல்லைகள் வழியே அரிப்பு உள்ளே இறங்குகிறது. அரிப்பில் உண்டாகும் பொருளுக்கு அதிக இடம் வேண்டும். அதனால் வார்ப்பு வீங்கி, வெடித்து, நொறுங்குகிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் நிறுவனம் 1929-இல் ஸமாக் என்னும் துத்தநாகக் கலவைகளைக் கொண்டுவந்தபோது 99.99 சதவீதத் தூய துத்தநாகத்தை அடிப்படையாக வைத்தது இதற்காகத்தான். காரீயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இன்றைய கணக்கு. அதாவது 20,000 பங்கில் 1 பங்கு. பழைய வார்ப்பாலைகளில் கண்ட கழிவு உலோகமும் கலந்துவிட்டதால்தான் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மாடல் ரயில்கள் பலவற்றில் இந்தச் சிக்கலைப் பார்க்கிறோம்.

இப்போது ‘கொள்ளைநோய்’க்கு வருவோம். ஜெர்மன் மொழியில் ‘பெஸ்ட்’ என்றால் கொள்ளைநோய், ஆகவே மொழிபெயர்ப்பு சரிதான். ஆனால் படிப்பவர் மனத்தில் இது தொற்றும் என்ற எண்ணம் விழுந்துவிடும். உண்மையில் தொற்றாது. கெட்ட வார்ப்புக்குப் பக்கத்தில் வைத்ததால் நல்ல வார்ப்பு கெடுவதில்லை. கேடு வார்க்கும்போதே உள்ளே புகுந்துவிடுகிறது. தொற்றிவிடும் என்று பயந்து நல்ல பெட்டிகளையும் சேர்த்துத் தூக்கிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெயர் அந்த அளவுக்குக் கெடுதல் செய்யும். ‘புற்று’ம் ஏறக்குறைய இதே ரகம். தவிர, ‘வெள்ளீயப் பெஸ்ட்’ முற்றிலும் வேறு சங்கதி. அது சுமார் 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே வெள்ளீயம் படிக உருமாறிப் பொடியாவது, அரிப்பே அல்ல. இரண்டுக்கும் ஒரே பின்னொட்டைக் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

‘அரிமானம்’ அறிவியல்படி பிழையில்லை. ஆனால் துருவும் அரிமானம்தான், களிம்பும் அரிமானம்தான். அவற்றைத் தேய்த்து எடுத்துவிடலாம். இதைத் தேய்க்கவும் முடியாது, பெயின்ட் பூசித் தடுக்கவும் முடியாது. அந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும்.

உளுத்த உத்தரம் வெளியே முழுசாகத்தான் இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். அது தமிழ் பேசும் எவருக்கும் விளக்காமலே புரியும். பூச்சியே இல்லாதபோது உளுப்பு எப்படி என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ‘உளுத்துப்போன வாதம்’ என்கிறோமே, அங்கே எந்தப் பூச்சி இருக்கிறது? மரம் உளுத்தால் குறையும், இது வீங்குகிறதே என்ற இன்னொரு கேள்வி வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். வீக்கத்தை இந்தச் சொல் காட்டாது. ஆனால் ஒரே சொல்லில் எல்லாக் குணமும் அடங்க வேண்டுமென்றால் எந்தச் சொல்லும் தேறாது. ‘உளுப்பு வீக்கம்’ என்று தனியே சொல்லிக்கொள்ளலாம். அதற்குத் தேவையும் இருக்கிறது: உளுத்த சட்டத்தை அப்படியே அச்சாக வைத்து நகல் வார்த்தால் வீங்கிய அளவுதான் நகலிலும் வரும். அளவை வேறு நல்ல சட்டத்திலிருந்து எடுப்பதே சரி.

எனக்குப் பெரிதாகப் படுவது வினைவடிவம். ‘அடிச்சட்டம் உளுத்திருக்கிறது’, ‘உளுத்த சக்கரம்’, ‘உளுக்காத வார்ப்பு’, ‘உளுப்பு விரிசல்’ என்று எப்படி வேண்டுமானாலும் வளைகிறது. பாடநூலில் கார்பன் பிரஷ்ஷை (கம்யூட்டேட்டரில் உரசி மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டை) ‘தூரிகை’ என்று போட்டோம். ரிப்பேர் செய்பவர் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பட்டியலில் ஏறிய சொல் வாயில் ஏறாவிட்டால் உழைப்பு வீண்.

பதிவுக்கு இந்த விளக்கத்தை முன்வைக்கிறேன்: ‘துத்தநாக உளுப்பு: துத்தநாகக் கலவை வார்ப்பில் காரீயம் முதலிய மாசுகளால் துகள் எல்லை வழியே உட்புறமாகப் பரவும் அரிப்பு, வீக்கம், விரிசல், நொறுங்கல் ஆகியவை அறிகுறிகள், தொற்றாது, மீட்க இயலாது, பாகத்தை மாற்றுவதே வழி.’

ஒப்புதல் கிடைத்தால், வாங்குவோருக்கான கேள்விகளில் ‘துரு உண்டா’ என்பதற்கு அடுத்தே ‘அடிச்சட்டத்தில் உளுப்பு உண்டா’ என்பதையும் சேர்த்துவிடுகிறேன். ‘உளுத்தல்’ என்றே தொழிற்பெயராக வைக்கலாம் என்று நினைப்பவர்கள் சொல்லுங்கள்; எனக்கு இரண்டும் சம்மதம்தான்.