சுற்றறிக்கையால் பள்ளி மாறவில்லை. அன்றாடம் என்ன செய்யலாம்?

கேள்வி (நடுநிலைப் பள்ளி த.ஆ., அதாவது தலைமை ஆசிரியர்): பொறுப்பேற்று ஒரு பருவம் முடிந்துவிட்டது. ஆசிரியர்கள் கையெழுத்துக்கு மட்டும்தான் அறைக்கு வருகிறார்கள். நான் வகுப்புக்குள் போனால் பாடம் நின்றுவிடுகிறது. பெற்றோர் வந்தாலே சண்டை. கூட்டம், சுற்றறிக்கை தவிர வேறு என்ன வழி?

ஆசிரியர் பயிற்றுநர்: வகுப்பிலிருந்து தொடங்குங்கள் சார். பதிவேட்டோடு போனால் அது ஆய்வு. பாடம் நிற்கத்தான் செய்யும். வெறுங்கையோடு போய்ப் பின்வரிசையில் பிள்ளைகளோடு 10 நிமிடம் உட்காருங்கள். பலகையில் தப்பாக எழுதினாலும் அங்கே வாய் திறக்க வேண்டாம். அன்று மாலை மணி அடிப்பதற்குள் தனியாக, பார்த்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: "பின்னக் கூட்டலில் நாலைந்து பேர் தொகுதியைத் தனியா, பகுதியைத் தனியா கூட்டுறாங்க. நாளைக்குக் காகிதத்தை மடிச்சுக் காட்டலாமா?" வெறும் "நல்லா நடத்துனீங்க" மனதில் நிற்காது. குறையுள்ளவர் வகுப்புக்கு மட்டும் போனால், உங்கள் தலை தெரிந்தாலே மெமோ என்று ஆகிவிடும். எல்லா வகுப்புக்கும் போங்கள். நீங்கள் பாடம் எடுக்கும்போது அவர்களையும் வந்து உட்காரச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற த.ஆ.: வாட்ஸ்அப் குழுவில் யாரையும் கண்டிக்காதீர்கள். தாமதமாக வந்தவர் பெயரை ஒருமுறை அங்கே போட்டால், எல்லோரும் மணிக்கு வருவார்கள், மணிக்குப் போவார்கள். அதற்குமேல் ஒரு துரும்பும் நகராது.

பெற்றோர் வந்தால் முதலில் நாற்காலி, பிறகு பேச்சு. முழுதாகக் கேட்டு முடித்து, ஆசிரியர் தரப்பைத் தனியாகக் கேளுங்கள். பெற்றோர் முன்னால் ஆசிரியரைத் திட்டவும் கூடாது, பிள்ளையை அடித்திருந்தால் மூடி மறைக்கவும் கூடாது. 2009 கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. என்ன நடவடிக்கை என்பதை நீங்களே போன் செய்து சொல்லுங்கள். அவர் இன்னொரு முறை கூலியை விட்டுவிட்டு வரவேண்டாம்.

பட்டதாரி ஆசிரியை: வாசலை விட்டுவிட்டீர்களே! காலை 20 நிமிடம் அங்கே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தாமதமாக வரும் பிள்ளையை வெளியே நிறுத்தினால் பாடமும் போச்சு. வகுப்புக்கு அனுப்பிவிட்டு இடைவேளையில் கேளுங்கள். பேருந்தை விட்டதற்கும் தம்பியைக் கிளப்பிவிட்டு வருவதற்கும் தீர்வு வேறு வேறு. தூய்மைப் பணியாளரை நீங்கள் 'அக்கா' என்றால் எட்டாம் வகுப்பும் அக்கா என்னும். 'ஏய்' என்றால் அதுவும் 'ஏய்' என்னும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். அதன் கூட்டத்தைக் காலை 11 மணிக்கு வைத்தால் வேலைக்குப் போகும் தாய்மார் வரமாட்டார்கள்; பதிவேடுதான் கையெழுத்துக்கு வீடு வீடாகப் போகும்.