எலியில் அட்ரினல் ஒட்டு: நடுப்பகுதி செத்துவிடுகிறது, கார்ட்டிகோஸ்டிரோன் ஏறவில்லை

மெழுகுக்கட்டி:
ஆண் விஸ்டார் எலிகள், 200–220 கிராம். இரண்டு அட்ரினலையும் (சிறுநீரகத்தை ஒட்டி மேலே இருக்கும் ஹார்மோன் சுரப்பி) எடுத்துவிட்டு, இடப்பக்கச் சுரப்பியை மட்டும் நாலு துண்டாக்கி அதே எலியின் இடது சிறுநீரக உறைக்கு அடியில் வைக்கிறோம். குடிநீரில் மி.லி.க்கு 25 மைக்ரோகிராம் கார்ட்டிகோஸ்டிரோன் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்), 3 வாரமும். உப்பு சேர்ப்பதில்லை. 7ஆம் நாள் வெட்டிப் பார்த்தால் நடுவில் முழுக்க நெக்ரோசிஸ் (செத்த திசு), மெடுல்லா என்ற உட்பகுதி இருந்த சுவடே இல்லை. 21ஆம் நாள் காலை ரத்தத்தில் கார்ட்டிகோஸ்டிரோன் மிகக் குறைவு. முதல் வாரத்திலேயே சில எலிகள் இறக்கின்றன. அடுத்த சுற்றில் வேறு எலியின் சுரப்பியை வைக்கலாமா?

குளோமெருலோசா:
7ஆம் நாள் நீங்கள் பார்த்தது தோல்வி இல்லை, அது அப்படித்தான் இருக்கும். ரத்தக்குழாய் இல்லாமல் வைக்கிற துண்டில் முதல் சில நாட்கள் பிழைப்பது உறையும், அதை ஒட்டிய சில அடுக்கு செல்களும்தான். உள்ளே இருப்பதெல்லாம் சாகும். பிறகு உறைப்பக்கத்திலிருந்து புதுச் செல்கள் உள்நோக்கி வளர்ந்து ஃபாசிகுலாட்டாவாக, அதாவது கார்ட்டிகோஸ்டிரோன் சுரக்கும் அடுக்காக, மாறும். மெடுல்லா திரும்பாது. அது இல்லாமலும் எலி வாழும். 1938இலேயே இங்கிலும் ஹிக்கின்ஸும் எலியில் இந்த மீள்வளர்ச்சியைக் காட்டிவிட்டார்கள்.

இந்த வளர்ச்சியைத் தள்ளுவது ஏசிடிஹெச், அட்ரினலைத் தூண்ட பிட்யூட்டரி சுரக்கும் ஹார்மோன். நீங்களோ 3 வாரமும் வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்து அதை அமுக்கி வைக்கிறீர்கள். ஒரு பக்கச் சுரப்பியை விட்டுவைத்தாலும் இதே கதைதான். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் முதல் 3–5 நாள் போதும், பிறகு நிறுத்துங்கள். 21ஆம் நாள் என்பதும் அவசரம், 4 முதல் 6 வாரம் விட்டுப் பாருங்கள்.

இறப்புக்கு முதல் சந்தேகம் உப்பு. ஆல்டோஸ்டிரோன் (உப்பைக் காக்கும் அட்ரினல் ஹார்மோன்) இல்லாத எலி சோடியத்தைச் சிறுநீரில் இழந்துகொண்டே இருக்கும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த நீரை அறுவை முடிந்த கணத்திலிருந்தே வையுங்கள். உப்பு பூத்துக் குழாய் முனை அடைத்துக்கொள்ளும். தினமும் தட்டிப் பார்க்க வேண்டும். அறுவைக்கு முன் பட்டினி போடாதீர்கள், எலிக்கு வாந்தி வராது. சூட்டு மெத்தை கட்டாயம்.

நுனி_இடுக்கி:
கை வேலையைப் பற்றி. சுரப்பியை நேராக இடுக்கியால் பிடித்தால் உறை கிழியும், உங்களுக்கு வேண்டியதே அந்த உறைதான். சுற்றியிருக்கும் கொழுப்பைப் பிடித்துக் கொழுப்போடு சேர்த்தே எடுங்கள். வலப்பக்கம் கவனம்: அதன் சிரை மிகக் குட்டை, நேரே பெரிய சிரைக்குள் போகிறது, இழுத்தால் ரத்தம் கொட்டும்.

நாலாக நறுக்குவதைவிட, உறையில் ஒரு கீறல் போட்டு மெல்ல அழுத்துங்கள். உட்பகுதி ஒரு மணி போலப் பிதுங்கி வெளியே வரும். மிஞ்சிய உறையை ஐஸில் வைத்த சலைனில் போட்டு, உடனே ஒட்டிவிடுங்கள். சாகப்போகிற திசுவை எதற்கு உள்ளே வைக்க வேண்டும்?

சிறுநீரக உறையைச் சலைனால் ஈரமாகவே வைத்திருங்கள், காய்ந்தால் காகிதம் போலக் கிழியும். சின்னக் கீறல், அதன் வழியே முனை மழுங்கிய கண்ணாடிக் குச்சி, துண்டைக் கீறலிலிருந்து 4–5 மி.மீ. தள்ளி வையுங்கள். வாயருகே விட்டால் நழுவி வெளியே வந்துவிடும். அடியில் ரத்தம் தேங்கினால் துண்டு மேலே மிதக்கும், குழாய்கள் வந்து சேராது.

மெழுகுக்கட்டி:
நன்றி. வேறு எலியின் சுரப்பி பற்றி?

குளோமெருலோசா:
விஸ்டார் இன்ப்ரெட் (நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கி மரபணு ஒன்றாக்கிய வகை) இல்லை, நிராகரிப்பு வரும். லூயிஸ் அல்லது எஃப்344 போன்ற ஒரே இன்ப்ரெட் வகைக்குள் மாற்றுங்கள். நிராகரிப்பை அடக்கும் சைக்ளோஸ்போரின் கொடுத்து விஸ்டாரிலேயே செய்யலாம்தான், ஆனால் முடிவைக் குழப்ப இன்னொரு மருந்து எதற்கு?

மூன்று_நிமிடம்:
அளவீட்டில் சில ஓட்டைகள். குடிநீரில் ஹார்மோன் இருக்கும்போது அளந்தால் அது ஒட்டு சுரந்ததா, குடித்ததா என்று தெரியாது. காலையில் எலிக்கு இயல்பாகவே குறைவு. விளக்கு அணையும் நேரத்தை ஒட்டித்தான் உச்சம். கூண்டைத் தொட்டதிலிருந்து 3 நிமிடத்துக்குள் ரத்தம் எடுங்கள். கார்டிசால் கிட் வாங்கிவிடாதீர்கள், எலியின் அட்ரினல் சுரப்பது கார்ட்டிகோஸ்டிரோன். மயக்கத்துக்கு எட்டோமிடேட் வேண்டாம், அது ஹார்மோன் தயாரிப்பையே தடுக்கும், ஐசோஃப்ளூரேன் போதும்.

ஏசிடிஹெச் ஊசிக்கு அளவு ஏறினாலும் அது ஒட்டுதான் என்று சொல்லிவிட முடியாது. சில எலிகளில் சுரப்பிக்கு வெளியே துணை அட்ரினல் திசு இருக்கும். ஒட்டு இருக்கும் இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டு மறுநாள் மீண்டும் அளந்து பாருங்கள். அளவு விழவில்லை என்றால் நீங்கள் இவ்வளவு நாளும் அளந்தது அந்தத் துணைத் திசுவை. எடுத்த சிறுநீரகத்தை அப்படியே ஃபார்மலினில் போட்டால் ஹிஸ்டாலஜிக்கும் (நுண்ணோக்கியில் திசுவைப் பார்ப்பதற்கும்) ஆயிற்று.