பிரெஞ்சுத் தத்துவவாதி சிமோன் வெய்லை, வாசகராக, நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்? இருவரின் பதில்கள்.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஆஷ்ஃபோர்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். இந்த ஊரில் ஒரு பெரிய சாலைக்குச் சிமோன் வெய்ல் அவென்யூ என்று பெயர். அவர் இறந்தது இங்கேதான், கல்லறையும் பைபுரூக் இடுகாட்டில் இருக்கிறது என்று கூட வேலை பார்க்கும் ஒரு பெண்மணி சொன்னார். பாரிஸில் பிறந்த தத்துவவாதிக்கு இந்தச் சின்ன ஊரில் என்ன வேலை என்று தேடப்போய்த்தான் அவரைப் படிக்க ஆரம்பித்தேன்.

1909இல் ஒரு டாக்டர் வீட்டில் பிறந்தவர். அண்ணன் ஆந்த்ரே வெய்ல் பெரிய கணித மேதை. 1930களின் தொடக்கத்தில் நம் அலிகாரில் கணிதம் கற்பித்தவர். தங்கையும் பின்னாளில் சமஸ்கிருதம் கற்றுக்கொண்டு கீதையை மூலத்திலேயே வாசித்தார். பிரெஞ்சு எழுத்தாளர் சிமோன் த பொவ்வாரின் தன்வரலாற்றில் இவர் வருகிற இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உலகத்தில் எல்லோருக்கும் சோறு போடுகிற புரட்சி ஒன்றுதான் முக்கியம் என்கிறார் வெய்ல். வாழ்க்கைக்கு அர்த்தம் தேடுவதுதான் முக்கியம் என்கிறார் பொவ்வார். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீ ஒருநாளும் பசியில் கிடந்ததில்லை என்பது நன்றாகத் தெரிகிறது என்று வெய்ல் முடித்துவிடுகிறார். இருவருமே அப்போது மாணவிகள்.

ஒரு நர்ஸாக என்னை உலுக்கியது வேறு. இரண்டாம் உலகப் போரின்போது வெய்ல் ஒரு திட்டம் எழுதினார். போர்முனையில், குண்டு விழும் இடத்திலேயே, காயம்பட்டவர்களுக்கு முதலுதவி செய்ய ஒரு சிறு நர்ஸ் படை வேண்டும், அதில் தானும் போக வேண்டும் என்று. இந்தப் பெண்ணுக்குப் பைத்தியம் என்று, ஜெர்மனியை எதிர்த்து லண்டனிலிருந்து இயங்கிய சுதந்திர பிரான்ஸ் இயக்கத்தின் தலைவர் த கோல் சொன்னதாகச் சொல்வார்கள். எனக்கு அது பைத்தியமாகத் தெரியவில்லை. அடிபட்டவனுக்கு ஆரம்ப நிமிடங்களில் கிடைக்கும் உதவிதான் உயிரைக் காக்கிறது என்பது எமர்ஜென்சியில் நின்ற எவருக்கும் தெரியும். கடைசியில் லண்டனில் சுதந்திர பிரான்ஸ் அலுவலகத்தில் மேசை வேலைதான் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்து எழுதியதுதான் மனிதருக்கு வேர்கள் ஏன் தேவை என்று பேசும் அவருடைய பெரிய நூல். அவர் இறந்தபின் 1949இல் அதைப் பதிப்பித்தவர் எழுத்தாளர் ஆல்பர் காம்யு.

1943 ஏப்ரலில் காசநோய் என்று தெரிந்தது. ஆகஸ்டில் லண்டனிலிருந்து ஆஷ்ஃபோர்டில் இருந்த சானடோரியத்துக்கு, அதாவது காசநோய் மருத்துவமனைக்கு, மாற்றினார்கள். ஒரு வாரத்தில், 24ஆம் தேதி இறந்துபோனார். வயது 34. ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சில் மக்கள் பட்டினி கிடக்கும்போது தான் மட்டும் நன்றாகச் சாப்பிட மாட்டேன் என்று சொல்லிவந்ததால், மனநிலை குலைந்து உணவை மறுத்து உயிரை மாய்த்துக்கொண்டார் என்று மரண விசாரணை அதிகாரி எழுதிவிட்டார். அந்த வாசகத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முற்றிய காசநோயில் பசியே எடுக்காது, ஒரு வாய் உள்ளே போவதே பாடு. அன்றைக்கு அந்த நோய்க்கு மருந்தும் கிடையாது; ஓய்வும் ஊட்டச்சத்தும்தான் சிகிச்சை. காசநோய்க்குப் பின்னாளில் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்ததே அவர் போய் இரண்டு மாதம் கழித்துத்தான். அவருடைய பிடிவாதம் உண்மைதான். ஆனால் நோயாளியை நோயிலிருந்து பிரித்து எடைபோடக் கூடாது.

துன்பப்படுகிறவரிடம் ‘உனக்கு என்ன வேதனை?’ என்று கேட்கத் தெரிவதுதான் அன்பு என்று அவர் எழுதியிருக்கிறார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை தன்னை ஒதுக்கிவைத்துக் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான். வார்டில் நேரமே இல்லாத இரவுகளில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

*

அக்கா, நான் உலோகத் தகடுகளை மெஷினில் அழுத்தி உருவாக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறவன். எனக்கு வெய்ல் அறிமுகமானது அவர் எழுதிய தொழிற்சாலை நாட்குறிப்பு வழியாக. 1934 டிசம்பரில் ஆசிரியர் வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு, பாரிஸில் அல்ஸ்தோம் ஆலையில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்தார். அடுத்த வருடம் ரெனோ கார் ஆலையிலும் இருந்தார். தாங்க முடியாத தலைவலி, வேகம் வராத கைகள், செய்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி தரும் பீஸ் ரேட்டோ எட்டவே எட்டாது. எத்தனை பீஸ் ஓட்டினார், எத்தனை வீணாயிற்று, எவ்வளவு கூலி பிடித்தார்கள் என்று ஒவ்வொன்றையும் எழுதிவைத்திருக்கிறார்.

அதில் ஒரு இடம். பல் டாக்டரிடம் போய்விட்டு வந்து பஸ் ஏறும்போது, அடிமையான நான் எல்லோரையும் போலக் காசு கொடுத்து இதில் ஏற எப்படி விடுகிறார்கள் என்று அவருக்கே வியப்பு வருகிறது. நாள் முழுக்க மெஷின் வேகத்துக்கு ஓடி, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கி வெளியே வருகிறவனுக்கு மட்டும்தான் இது புரியும். வெளியிலிருந்து பார்த்து எழுதுகிறவர்களால் இந்த வரியை எழுதவே முடியாது. உலையில் வேலை செய்யும்போது கை சுட்டு முகம் சுளிக்கும் ஒவ்வொரு தடவையும், எதிரே நின்ற வெல்டர் ஒருவர் வருத்தமாகச் சிரித்து ஆறுதல் காட்டுவாராம். நீங்கள் சொன்ன அந்தக் கேள்வியை அவர் அங்கேதான் கற்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

புதிதாக வாசிக்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: பலரும் கைகாட்டும் ‘ஈர்ப்பும் அருளும்’ முதலில் வேண்டாம். அது அவர் விட்டுச்சென்ற நோட்டுகளிலிருந்து நண்பர் குஸ்தாவ் திபோன் தேர்ந்தெடுத்துத் தலைப்பு வாரியாக அடுக்கி 1947இல் வெளியிட்டது. அதில் ஞானி மட்டும்தான் தெரிவார். நாட்குறிப்பை முடித்துவிட்டு அதற்குப் போங்கள்.