நாய்க்குக் குரோசேயில் கழுத்துத் துண்டு

கொக்குவில் வாசகி:
மார்கழிப் பனி எங்கள் நாய் மணிக்கு ஒத்துக்கொள்வதில்லை. விடியற்காலையில் அடுப்படி வாசலில் சுருண்டு நடுங்குகிறது. குரோசேயில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், வரிபோட்ட கழுத்துத் துண்டு ஒன்று பின்ன ஆசை. சங்கிலித் தையலும் ஒற்றைத் தையலும் மட்டுமே தெரியும். எந்த நூல் நல்லது?

சாவகச்சேரி அக்கா:
அந்த இரண்டு தையலே போதும், தங்கச்சி. பருத்தி நூல் வாங்குங்கள். கம்பளி நம் ஊருக்குப் புழுக்கம். 4 மி.மீ. ஊசியில் 16 சங்கிலி போட்டு, ஒற்றைத் தையலில் வரிசை வரிசையாகத் திருப்பித் திருப்பிப் பின்னுங்கள். இரண்டு வரிசைக்கு ஒருமுறை நிறம் மாற்றினால் நூல் எப்போதும் ஒரே ஓரத்தில் நிற்கும். வெட்டாமலே மேலே கொண்டுபோகலாம். கறுப்பு நாய் என்றால் மஞ்சளும் பச்சையும் அவ்வளவு அழகு! கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும். குஞ்சம் வேண்டவே வேண்டாம். கடித்து விழுங்கிய நூல் குடலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

நல்லூர் தம்பி:
பூனைக்கும் இதே முறையா அக்கா?

சாவகச்சேரி அக்கா:
பூனை மதிலேறும், கிளையில் மாட்டும் தம்பி. முடிச்சுப் போடாமல், இழுத்தால் கழன்றுவிடும்படி சிறிய வெல்க்ரோ தையுங்கள். நாயோ பூனையோ, வெயில் ஏறியதும் கழற்றிவிடுங்கள்.

கொக்குவில் வாசகி:
மணி செம்மண் நிறம், அக்கா. நீலமும் வெள்ளையும் எடுக்கிறேன்.