புதுப்பிப்பு: நம் நாட்டு மளிகை மட்டும், ஒரு மாதம் கழித்து

நம் நாட்டில் விளைந்த மளிகை மட்டும்தான் வாங்குவேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன் இல்லையா, காரைக்குடியில் அதன் நிலவரம் இது. அரிசி, நல்லெண்ணெய், குண்டு மிளகாய், கல்பாசியில் சிக்கலில்லை. உளுந்துதான் முதலில் இடித்தது. கடைக்காரர் மூட்டையைத் திருப்பிக் காட்டினார்: பர்மா சரக்கு. அன்னாசிப்பூவும் பெரும்பாலும் சீனா, வியட்நாம். அது இல்லாமல் கோழிக் குழம்பு வைத்தேன். ஆயா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார்கள்.

பெருங்காயம் இன்னும் மோசம். இங்கே பிசினோடு மாவு சேர்த்துக் கட்டியாக்குகிறார்கள், அவ்வளவுதான். பிசின் வருவது ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து. இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் சாகுபடிக்கென்று செடி நட்டதே 2020இல்தான். சரி, ரசத்துக்காக விதியைத் தளர்த்திவிட்டேன். பாமாயில் மட்டும் திரும்ப வீட்டுக்குள் வராது. அப்புறம் கவுனி அரிசி, அதாவது கறுப்பரிசி: செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் பர்மாவிலிருந்து கொண்டுவந்தது என்பார்கள், இப்போது தமிழ்நாட்டு வயலிலேயே விளைகிறது. 2 கிலோ வாங்கியாயிற்று.