1887 சீவக சிந்தாமணி முதல் பதிப்பு வைத்திருப்பவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலில் 'சீவக சிந்தாமணி, நச்சினார்க்கினியர் உரையுடன், உ.வே.சாமிநாதையர் பதிப்பு, 1887, முகப்புப் பக்கம் இல்லை, பூச்சி அரிப்பு உண்டு' என்று ஒரு வரி இருந்தது. பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை. பத்து வருடமாகத் தேடும் புத்தகம் அது.

முகப்பே இல்லாதபோது 1887 என்று எப்படிச் சொல்கிறார் என்பதுதான் என் கேள்வி. ஐயரே பின்னாளில் திருத்திய பதிப்புகளும் வந்திருக்கின்றன. பைண்டிங்கும் புதிது, அதை வைத்துக் காலம் சொல்ல முடியாது. கேட்டால், "தாளைப் பார்த்தாலே தெரியும் சார்" என்கிறார். தாள் பழுப்பதை நம்பிப் பெரிய தொகை கொடுக்க மனம் வரவில்லை.

முதல் பதிப்பு கையில் இருப்பவர்கள் முகவுரையின் முதல் பக்கம், நூலின் கடைசிப் பக்கம் இரண்டையும் படமெடுத்து இங்கே போட முடியுமா? அப்புறம், மொத்தப் பக்க எண்ணிக்கையும் வேண்டும். அவர் அனுப்பிய படங்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டுவிடுவேன். தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கோ பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்துக்கோ இந்த வாரம் போகிறவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். நான் திருநெல்வேலியில் இருக்கிறேன், உடனே கிளம்ப வழியில்லை. வெள்ளிக்கிழமை வரைதான் எனக்காக எடுத்து வைப்பாராம்.